இரத்மலானையிலிருந்து பலாலி வரை

கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே உள்ள தூரம் யாது என்று வினவினால், கிடைக்கும் விடை வினவப்படுபவரின் தொழிலைப் பொறுத்தது. புகையிரத நிலைய அதிபர் ஒரு தொகை கூறுவார். லொறிச் சாரதி மற்றொரு தொகை கூறுவார். கப்பல் மாலுமி கூறும் தொகை அவ்விரண்டையும் விஞ்சி நிற்கும். எல்லாவற்றிலும் குறைந்த தொகையைக் கூறுபவர் விமானியே. அத்தொகை பள்ளி மாணவனும் கணக்கிடக்கூடிய அளவுக்கு எளிமையானது.

இரத்மலானை விமான நிலையம் வட அகலக்கோடு 6 பாகை 49 கலையில் இருக்கிறது. பலாலி விமான நிலையம் 9 பாகை 47 கலையில் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 2 பாகை 58 கலை, அதாவது 178 கலை. அகலக்கோட்டில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். ஆகவே தூரம் 178 கடல் மைல். தரை மைலிற் கூறினால் ஏறக்குறைய 205, கிலோமீற்றரில் 330. நெடுங்கோட்டைப் பார்த்தால், இவ்விரு நிலையங்களும் பதினொரு கலை வேறுபாட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆதலால் இரத்மலானையில் எழும் விமானி மூக்கை நேர் வடக்கே திருப்பினாற் போதும். வழியில் வளைவே இல்லை. கீழே வில்பத்துக் காடும் அதன் நடுவே கண்ணாடித் துண்டுகள் போற் கிடக்கும் வில்லுகளும் தோன்றும். பின்னர் மன்னார்ப் பெருநிலத்தின் கட்டுக்கரைக்குளம், அதன்பின் பூநகரி, அப்பால் யாழ்ப்பாணக் கடனீரேரி, அதைக் கடந்ததும் பனந்தோப்புகளும் வலிகாமத்தின் செம்மண்ணும்.

தரைவழி இவ்வாறு நேரே செல்வதில்லை. கொழும்பு கோட்டையிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் இருப்புப்பாதை பொல்காவலை, மாகோ, அனுராதபுரம், வவுனியா என்று நாட்டின் உட்பகுதியைச் சுற்றி 256 மைல் நீள்கிறது. 1902இல் யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே முதலிற் புகையிரதம் ஓடிற்று. 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கொழும்பிலிருந்து நேரடி வண்டி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அன்றைய பயணம் பதின்மூன்று மணி நேரத்துக்குக் குறையாதது. அதற்கு முன் மாட்டுவண்டியிலும் தோணியிலும் கரையோர நீராவிக் கப்பலிலும் நாட்கணக்கில் அலைந்தவர்களுக்குப் பதின்மூன்று மணி நேரம் ஒரு கொடையாகவே தோன்றியிருக்கும்.

இந்தப் புகையிரதமே கொழும்புத் தமிழரின் புவியியலை வகுத்தது எனலாம். அரசாங்க எழுதுவினைஞர், ஆசிரியர், தபால் உத்தியோகத்தர், சட்டத்தரணி ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடக்கிலிருந்து தலைநகருக்கு வந்து குடியேறிய இடங்களில் வெள்ளவத்தை தலையாயது. 1890ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்ட நூற்பு நெசவு ஆலையால் அறியப்பட்டிருந்த அவ்வூர், நாளடைவிற் சைவ உணவுச்சாலைக்கும் தமிழ்ப் பேச்சுக்கும் பெயர்பெற்றது. நகரின் மறுகோடியில் உள்ள கொட்டாஞ்சேனையின் வரலாறு வேறு வகையினது. அது துறைமுகத்தை அண்டிய பகுதி; வணிகர், துறைமுகத் தொழிலாளர், செட்டிமார், கத்தோலிக்கர், சைவர் எனப் பல திறத்தவரும் நெடுங்காலமாக வாழ்ந்துவந்த இடம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் அப்பகுதியிலேயே இருக்கிறது. புனித லூசியா பேராலயமும் அங்கேயே இருக்கிறது.

வெள்ளவத்தைக்கு அருகே விமான நிலையம் அமைந்தமையும், கொட்டாஞ்சேனைக்கு அருகே துறைமுகம் அமைந்தமையும் தற்செயலே. ஆயினும் இத்தற்செயல் பின்னாளில் அவ்விரு பகுதி மக்களின் வாழ்விலும் பெரும் பொருள் பெறலாயிற்று. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கித் தெகிவளையையும் கல்கிசையையும் கடந்து நாலைந்து மைல் சென்றால் இரத்மலானை வந்துவிடும். சென்னை விமானக் கழகத்தின் பயிற்சியாளராயிருந்த டின்டேல் பிஸ்கோ 1935 நவம்பர் 27ஆம் நாள் ஒரு சிறிய விமானத்தைச் சென்னையிலிருந்து ஓட்டிவந்து அங்கு இறக்கினார். அதுவே அந்நிலையத்தில் இறங்கிய முதல் விமானம் என்பது வரலாறு. 1938இல் டாட்டா நிறுவனத்தின் தபால் விமானம் சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரை வரத் தொடங்கிற்று. யாழ்ப்பாணம் அதன் வழியில் இல்லை. திருச்சியிலிருந்து கொழும்பு செல்லும் நேர்கோடு குடாநாட்டை ஒதுக்கிவிட்டுக் கடலின் மேலே சென்றது.

பலாலியை உண்டாக்கியது போர். இரண்டாம் உலகப் போரின் போது சப்பானியர் 1942 ஏப்பிரல் 5ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கினர். இலங்கையின் கரைகளைக் காப்பதற்கென்று பிரித்தானிய வான்படை தீவின் பல இடங்களில் விமானத்தளங்களை அமைத்தது. புகையிலையும் மரக்கறியும் விளையும் வலிகாமம் வடக்கின் செம்மண் நிலத்திலும் ஓர் ஓடுபாதை இடப்பட்டது. தளம் இருந்த ஊர் பலாலி. வான்படையினர் அதற்கு இட்ட பெயர் காங்கேசன்துறை. துறைமுகத்தின் பெயரே உலகம் அறிந்த பெயர் என்று எண்ணினர் போலும். விமான நேர அட்டவணைகளிலும் அப்பெயரே பின்னர் பல காலம் வழங்கிற்று.

போர் முடிந்ததும் உலகெங்கும் ஒரே காட்சி. படைகளுக்கு வேண்டாத டக்கோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றைக் கொண்டு நாடுதோறும் விமானச் சேவைகள் தோன்றின. இலங்கையிற் குடிசார் விமானப் போக்குவரத்துத் திணைக்களத்தின் முயற்சியாற் பிறந்த எயார் சிலோன் நிறுவனம் மூன்று டக்கோட்டாக்களைப் பெற்று அவற்றுக்குச் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி எனப் பெயரிட்டது. விமானத்துக்குச் சீதையின் பெயரை வைத்தவர்கள், இதிகாசத்தில் அவ்வம்மை இலங்கைக்கு வான்வழியே வந்த சூழ்நிலையைச் சற்று மறந்துவிட்டார்கள் என்றே கொள்ளவேண்டும்.

1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயார் சிலோனின் முதற் பயணம் நிகழ்ந்தது. அது இலண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ அன்று. இரத்மலானையிற் புறப்பட்டுப் பலாலியில் இறங்கி அங்கிருந்து சென்னைக்குச் சென்றது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்கள் இருந்த வேளையில் நாட்டின் சொந்த விமான நிறுவனம் தன் முதல் அடியை எடுத்துவைத்த இடம் யாழ்ப்பாணம் என்பது இன்று பலரும் மறந்த செய்தி.

பலாலியைத் தேர்ந்தமைக்குக் காரணம் தூரக் கணக்கிலேயே கிடைக்கிறது. பலாலியிலிருந்து சென்னை ஏறக்குறைய 220 மைல். இரத்மலானையிலிருந்து பலாலி 205 மைல் என்று முன்னர்க் கண்டோம். எனவே கொழும்பு சென்னைப் பாதையிற் பலாலி அநேகமாக நட்டநடுவில் அமைந்திருக்கிறது. திருச்சிராப்பள்ளியோ பலாலிக்கு 115 மைலுக்கும் உட்பட்டது. கொழும்புக்குள்ள தூரத்தில் ஏறக்குறையப் பாதி. நிலப்படத்திற் பார்ப்பவர் கண்ணுக்கு யாழ்ப்பாணம் தீவின் வடகோடி, ஒதுங்கிய மூலை. விமானியின் கண்ணுக்கு அது இரு பெருநகரங்களுக்கு இடையே உள்ள தங்குமடம். மூலை நடுவாக மாறிய அந்த முப்பது ஆண்டுகளே இவ்வரலாற்றின் ஒளிமிக்க பகுதி.

டக்கோட்டா மணிக்கு 160 முதல் 180 மைல் வேகத்திற் செல்லக்கூடியது. வாலிற் சிறு சக்கரம் பூண்டது. ஆதலால் தரையில் நிற்கும்போது உட்புறம் மேடும் பள்ளமுமாய்ச் சரிந்திருக்கும். பயணி தன் இருக்கைக்குச் செல்லச் சிறு குன்றேறுவது போல் ஏறவேண்டும். காற்றழுத்தம் பேணும் வசதி அதில் இல்லாமையால் மிக உயரே செல்வதுமில்லை. கீழே உள்ள குளங்களையும் வயல்களையும் சன்னல் வழியே நன்கு காணலாம். இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பதின்மூன்று மணி நேரப் பயணம் ஒரு தலைமுறைக் காலத்துள் ஒன்றரை மணியாய்ச் சுருங்கிற்று.

சுருங்கியது யாருக்கு என்பதையும் கேட்கவேண்டும். விமானக் கட்டணம் புகையிரதக் கட்டணத்தினும் பன்மடங்கு உயர்ந்தது. அரசாங்க உத்தியோகத்தருக்கோ விடுமுறையில் ஊர் சென்றுவர இலவசப் புகையிரத வாறண்ட் கிடைத்தது. எனவே வெள்ளவத்தை எழுதுவினைஞர் இரவுத் தபால் வண்டியிலேயே ஊர் போனார். 1956 ஏப்பிரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் பகலிலேயே போய்ச் சேர்ந்தார். விமானத்தில் ஏறியவர்கள் அமைச்சரும் உயர் அதிகாரிகளும் பெருவணிகரும் வழக்கறிஞரும் நோயாளருமே. சாதாரணக் குடும்பங்கள் விமானத்தை நாடியது பெரும்பாலும் ஒரு வேளையில்: ஊரிற் பெற்றோர் இறந்த தந்தி வரும்போது. யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டில் உடலை நெடுநேரம் வைத்திருக்கும் வழக்கமில்லை. காலையில் வந்த தந்திக்கு இரவு வண்டியேறினால் மறுநாட் காலையில்தான் ஊர் சேரலாம். விமானத்தில் இடம் கிடைத்தால் அன்று மாலையே மகன் கொள்ளி வைக்கலாம். தூரத்தின் உண்மையான அளவுகோல் மைற்கல் அன்று, இதுவே என்று சொன்னால் மிகையாகாது.

எயார் சிலோன் வளர்ந்தது. 1949இல் அவுஸ்திரேலிய நிறுவனமொன்றின் கூட்டுறவோடு பெரிய விமானங்களை வாங்கி இலண்டனுக்கும் சிட்னிக்கும் பறந்தது. அவ்றோ 748 விமானம் 1964இலும் டிறைடன்ற் தாரை விமானம் 1969இலும் வந்தன. வெளிநாட்டுச் சேவைகள் 1960களின் பிற்பகுதியிற் கட்டுநாயக்காவுக்கு மாறின. பலாலிச் சேவை இரத்மலானையிலேயே தொடர்ந்தது. இதனிடையே அரசியல் மாற்றங்கள் வானத்தையும் தொட்டன. 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்ததும், அதுவரை தங்குதடையின்றிச் சென்றுவந்த இந்தியப் பயணத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டியதாயிற்று. பலாலியின் ஓடுபாதை ஒரு நாட்டின் எல்லையாயிற்று. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பலையும் புகையிரதத்தையும் இணைத்து நடந்துவந்த பயணம் தன் பழைய துறையை இழந்து இராமேசுவரத்துக்கு மாறவேண்டியதாயிற்று.

ஆனால் வானத்தின் 205 மைலுக்கு நேர்ந்த முதற் சோதனை புயலால் வந்ததன்று. 1958 மே மாதத்தில் தமிழருக்கு எதிரான வன்செயல்கள் மூண்டன. பொலன்னறுவைப் பக்கத்திற் புகையிரதம் தாக்கப்பட்டது. பெருவீதிகளிற் பயணம் செய்தல் உயிருக்கே ஆபத்தாயிற்று. வெள்ளவத்தையிலும் பிற இடங்களிலும் வீடிழந்தோர் றோயல் கல்லூரி முதலிய இடங்களில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப அரசாங்கம் கண்ட வழி கப்பல். இரண்டொரு டக்கோட்டாவில் ஏற்றக்கூடிய கூட்டமா அது?

கப்பல் வழியின் தன்மையை இங்கே அறிந்துகொள்ள வேண்டும். கொழும்பிலிருந்து மேற்குக் கரை வழியாக நேரே காங்கேசன்துறைக்குப் பெருங்கப்பல் செல்ல இயலாது. மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கிடக்கும் மணற்றிட்டுகள் வழிமறிக்கின்றன. அங்கே ஆழம் போதாது. ஆகையால் கப்பல் கொழும்புத் துறையை விட்டுத் தெற்கே காலிக்குச் சென்று, தீவின் தென்முனையைச் சுற்றி, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகியவற்றைக் கடந்து, பருத்தித்துறை முனையை வளைத்துக் காங்கேசன்துறையை அடையவேண்டும். 178 கடல் மைலில் முடியும் பயணம் இவ்வாறு இரண்டு மடங்குக்கும் மேலாக நீள்கிறது. வடக்கே உள்ள ஊருக்குப் போகவேண்டியவர்கள் முதலில் தெற்கே போனார்கள். கையிலெடுத்த ஒரு மூட்டையோடு மேற்றட்டில் அமர்ந்திருந்தோர், பாதி நாட்டைச் சுற்றியே தம் ஊரைக் கண்டனர்.

1977இல் வன்செயல் மீண்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 1978 செப்டெம்பர் 7ஆம் நாள், பலாலியிலிருந்து வந்து பயணிகளை இறக்கிய அவ்றோ 748 விமானம் இரத்மலானையில் நின்றவாறே குண்டு வெடித்து எரிந்து அழிந்தது. அடுத்த பறப்புக்கு ஆயத்தமாகியிருந்த வேளை, உயிர்ச்சேதம் இல்லை. நிதி நெருக்கடியிலும் நிருவாகச் சீர்கேட்டிலும் முன்னரே தள்ளாடிய எயார் சிலோன் அக்காலத்தோடு ஓய்ந்தது. அதன் இடத்தில் 1979 செப்டெம்பரிற் பிறந்த எயார் லங்கா கட்டுநாயக்காவை மையமாகக் கொண்டு வெளிநாடுகளை நோக்கிப் பறந்தது. பலாலியிலிருந்து தமிழகத்துக்குச் சென்ற முறையான பயணிகள் சேவை நின்றுபோயிற்று. அது மீள நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

1983 யூலை இறுதியில் வெள்ளவத்தை எரிந்தது. வீடு வீடாகத் தேடி எரித்தார்கள். காலி வீதியின் கடைகள் சாம்பலாயின. உயிர் தப்பியோரிற் பெருந்தொகையினர் கொண்டுசெல்லப்பட்ட இடங்களில் ஒன்று இரத்மலானை விமான நிலையம். விமானங்களை நிறுத்தும் கொட்டகை அகதி முகாமாயிற்று. பெண்களும் குழந்தைகளும் முதியோரும் சீமெந்துத் தரையில் இரவுகளைக் கழித்தனர். பலாலிக்கு நேர்வடக்காக 205 மைல் செல்லும் பாதையின் தொடக்கத்திலேயே அவர்கள் படுத்துக் கிடந்தார்கள். ஆனால் அவர்களிற் பெரும்பாலோர் அப்பாதை வழியே போகவில்லை. அவர்களுக்கும் கொழும்பின் மற்றைய முகாம்களில் இருந்தோருக்கும் கிடைத்தது 1958ஆம் ஆண்டின் வழியே. லங்கா கல்யாணி என்ற கப்பலும், இந்தியா அனுப்பிய சிதம்பரம் என்ற கப்பலும் கொட்டாஞ்சேனைக்கு அருகிலுள்ள துறைமுகத்திலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு தீவைச் சுற்றிக் காங்கேசன்துறைக்குச் சென்றன. அக்கப்பல்களிற் சென்றோரிற் பலர் அதற்கு முன் வடக்கைக் கண்டிராதவர்கள். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள் என்று அன்றைய செய்திகள் கூறின. எவருடைய ஊருக்கு என்பதை எவரும் கேட்கவில்லை.

அதன்பின் வானம் படைகளின் வழியாயிற்று. 1987 யூன் 4ஆம் நாள் இந்திய வான்படையின் ஐந்து சரக்கு விமானங்கள் போர் விமானங்களின் காவலோடு பெங்களூரிலிருந்து வந்து ஏறக்குறைய 25 தொன் உணவுப் பொருள்களை யாழ்ப்பாணத்தின் மீது வீசிச் சென்றன. அடுத்த மாதமே இந்தியப் படை பலாலியில் இறங்கிற்று. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணப் புகையிரதம் நின்றது. பலாலியைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுடைய தோட்டங்களும் வீடுகளும் படைமுகாமுக்குள் அடங்கின. குடாநாட்டின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கையில் இருந்தது. விமானத்தளம் இராணுவத்தின் கையில் இருந்தது. பலாலி யாழ்ப்பாணத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்தவருக்கு அது இல்லை.

அவ்வாண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு செல்வோர் கிளாலிக் கரையில் இரவில் வள்ளமேறிக் கடனீரேரியைக் கடந்தனர். படகுகள் சுடப்பட்டன, பலர் இறந்தனர். கரையேறியவர்கள் வன்னி வழியாக வவுனியா வந்து, சோதனைகளைத் தாண்டி, நாட்கள் சென்றபின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு லொட்ஜிற் பெட்டியை வைத்தனர். வெளிநாடு செல்லக் காத்திருப்போரும் மருத்துவத்துக்கு வந்தோரும் அங்கே தங்கினர். பொலிசிற் பதிந்த துண்டு அவர்களுக்கு அடையாள அட்டையைப் போலவே இன்றியமையாததாயிற்று. ஊரில் தாய் இறந்த செய்தி அவர்களுக்கு எட்டியபோது எட்டுச் செலவும் முடிந்திருப்பதுண்டு. 1905ஆம் ஆண்டின் பதின்மூன்று மணி நேரம் அப்போது கனவிற்கூட எட்டாத விரைவாகத் தோன்றியிருக்கும்.

1995 டிசெம்பரில் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் வசமாயிற்று. தரைவழி மூடியே இருந்ததால் திருகோணமலையிலிருந்து கப்பலும், இரத்மலானையிலிருந்து தனியார் விமானமும் குடிமக்களுக்கு வழியாயின. டக்கோட்டாக் காலத்திற் செல்வர்க்குரியதாயிருந்த வான்வழி, வேறு வழியற்றோரின் வழியாய் மாறிற்று. நகையை அடகு வைத்துப் பயணச்சீட்டு வாங்கினார்கள். 1998 செப்டெம்பர் 29ஆம் நாள் லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ் 24 விமானம் பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்டது. பயணிகள் 48 பேர். விமானக் குழுவினர் 7 பேர். பயணிகளிற் பெரும்பாலோர் தமிழர். புறப்பட்டுப் பத்து நிமிடம் அளவில் விமானம் தொடர்பிழந்து கடலில் வீழ்ந்தது, எவரும் பிழைக்கவில்லை. விடுதலைப் புலிகளின் ஏவுகணை அதை வீழ்த்தியது என்பதே பின்னர் நிலைபெற்ற முடிவு. அதன் சிதைவுகள் 2012இல்தான் இரணைதீவுக்கு அண்மையில் கடலடியிற் கண்டெடுக்கப்பட்டன. பின்னர், மீட்கப்பட்ட உடைகளும் பொருள்களும் உறவினர் பார்த்து அடையாளம் காண்பதற்காக யாழ்ப்பாணத்தில் வைக்கப்பட்டன. பதினான்கு ஆண்டு உப்புநீரிற் கிடந்த துணியில் ஒரு தாய் தன் தையலைத் தேடவேண்டியிருந்தது.

2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தம் ஏ9 வீதியைத் திறந்தது. 2006 ஓகஸ்ட் மாதத்தில் முகமாலையில் அது மறுபடி மூடப்பட்டது. 2007 யூன் 7ஆம் நாள் அதிகாலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளின் லொட்ஜுகளிலிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பஸ் வண்டிகளில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினர். தகுந்த காரணமின்றித் தலைநகரிலே தங்கியிருக்கிறார்கள் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். வீதி மூடியிருந்ததால் வடக்கே சென்றவர்கள் வவுனியாவுக்கு அப்பால் போக இயலவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கைக்குத் தடை விதித்தது. ஏற்றிச் செல்லப்பட்டோரிற் பலர் திரும்ப அழைத்துவரப்பட்டனர். அரை நூற்றாண்டுக்கு முன் காப்பதற்கென்று கப்பலேற்றி அனுப்பியதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஆயினும் இரண்டிலும் ஓர் எண்ணம் பொதுவாயிருந்தது: கொழும்புத் தமிழரின் இடம் வடக்கே எங்கோ இருக்கிறது என்பது.

இக்காலம் முழுவதும் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை செல்ல விரும்பியவர் மேற்கொண்ட பயணம் கணக்கு ஆசிரியருக்கு நல்ல ஓர் உதாரணம். அவர் முதலில் ஏறக்குறைய 245 மைல் தெற்கே கொழும்புக்கு வரவேண்டும். கட்டுநாயக்காவில் விமானமேறி, தான் புறப்பட்ட அகலக்கோட்டை வானத்தில் மீண்டும் கடந்து, வடக்கே போகவேண்டும். தெளிந்த நாளில் வலப்பக்கச் சன்னலருகே இடம் கிடைத்தால் தன் தீபகற்பத்தைத் தொலைவிற் காணவும் கூடும். 220 மைல் செல்லவேண்டிய இடத்துக்கு அதனினும் இருமடங்குக்கு மேல் அலைந்தார். விசாவுக்கும் தங்குமிடத்துக்கும் வெள்ளவத்தையிற் கழித்த நாட்கள் இக்கணக்கிற் சேரா.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தபின் வீதி படிப்படியாகத் திறந்தது. யாழ்தேவி 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியிற் காங்கேசன்துறைக்கும் மீண்டும் சென்றது. 2019 ஒக்டோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறந்துவைக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து வந்து இறங்கியது அலையன்ஸ் எயார் நிறுவனத்தின் ஏரீஆர் 72 விமானம். தாரை விமானமன்று, டக்கோட்டாவைப் போலவே இருபுறமும் விசிறி சுழலும் சிறு விமானம். முறையான சேவை நவம்பரில் தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனா நோய்த்தொற்றால் நின்று, 2022 டிசெம்பர் 12ஆம் நாள் மீண்டது. விமானத்திலிருந்து இறங்கிய பயணிகள் பஸ்ஸில் ஏறி வெளியே வந்த வழியின் இருபுறமும், 1990இல் இடம்பெயர்ந்தோரின் கூரையற்ற வீடுகளின் சுவர்கள் பற்றைகளுக்கிடையே நின்றன. அவ்வீட்டுக்காரரிற் பலருக்குத் தம் காணிக்குள்ள தூரம் சில நூறு யார்தான். அத்தூரத்தைக் கடக்க அவர்களுக்கு அப்போது அனுமதி கிடைத்திருக்கவில்லை.